கேபிள் எடுத்த பள்ளம்

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் நாங்கள் வீடு கட்டியதே ஒரு கிணற்றை நம்பித்தான். இப்போது சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. எழுபதுகளில் எங்கள் பக்கம் மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள். என் கணவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில். இருவருக்கும் ஊருக்குள் இருப்பதுதான் வசதி. ஆனால் ஊருக்குள் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு. இங்கே நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு உறைக்கிணறு இருந்தது. தண்ணீர் இளநீர் மாதிரி. அந்த மணற்காட்டுக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். அவர் பாவம், தலையாட்டினார்.

மணற்காடு என்றால் மணற்காடேதான். ஆறு பெயருக்குத்தான் ஆறு. எங்கள் வாசலிலிருந்து அக்கரை வரைக்கும் எருக்கும் ஆவாரமும் நெருஞ்சியும் தவிர வேறு பச்சை கிடையாது. ஒரு பக்கம் நீளமாக ஒரு களிமண் மேடு. மேட்டுக்கு அந்தண்டைப் பள்ளத்தில் டேனரிகளின் கழிவுத் தண்ணீர் கருஞ்சிவப்பாகத் தேங்கி நிற்கும். மேடு இருந்ததால் அது அங்கேயே நின்றது. நாங்களும் அதை நினைக்காமல் குடித்தனம் நடத்தினோம்.

அந்த மேட்டுக்குள் புகுந்து, எங்கள் கிணற்றை ஒட்டி, பூமிக்கடியில் ஒரு பழைய டெலிபோன் கேபிள் போகிறது என்பது அதைத் தோண்ட ஆள் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் புதைத்ததாம். வேறு வழியில் புதுசு போட்டுவிட்டதால் பழையதை எடுத்துக்கொள்ளும்படி ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தார்கள். நடுவே செம்புக் கம்பிகள், அதன் மேல் ஈயக் குழாய், அதற்கும் மேல் தார் பூசிய சணல். செம்புக்கும் ஈயத்துக்கும் விலை உண்டு. தாருக்கும் சணலுக்கும் கிடையாது. அதனால் அவற்றை அங்கேயே போட்டுக் கொளுத்தினார்கள். கொடியில் உலர்த்திய என் புடவைகளில் கரி படிந்ததுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய துக்கம். மேஸ்திரியிடம் போய்ச் சத்தம் போட்டேன். கேபிளை உருவியதும் பள்ளத்தை மூடுவீர்களா மாட்டீர்களா என்றும் கேட்டேன்.

"மண்ணு தானா மூடிக்கும்மா. ரெண்டு காத்து அடிச்சா சரியாப்பூடும்" என்றார்.

பொய் சொல்லவில்லை அந்த மனுஷர். நெருஞ்சியும் ஆவாரமும் வேரோடு போன இடத்தில் மணல் இளகிக் கிடந்தது. மாசிக் காற்றில் அத்தனையும் கிளம்பியது. சோற்றில் மணல், பாயில் மணல், தாலிச் சரட்டில்கூட மணல். பள்ளமும் தூர்ந்துவிட்டது. மேட்டை வெட்டிய இடமும் மணலால் அடைந்து, பார்வைக்குப் பழையபடி ஆகிவிட்டது. களிமண்ணை வெட்டியவர்கள் களிமண்ணாலேயே அடைக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சித்திரை பிறந்தது. வழக்கமாகச் சித்திரையில் கிணற்றுக் கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்துகொள்வோம். அந்த வருஷம் பக்கத்து வீட்டு அக்கா காலையிலேயே கதவைத் தட்டினார். உருது பேசுகிற குடும்பம். அவருடைய வீட்டுக்காரர் தோல் வியாபாரத்தில் எடுபிடியாக இருந்தார்.

"டீச்சர், சீக்கிரம் வாங்க! கெணத்துல தண்ணி ஏறிக்குது!"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கோடையில் கிணறு ஊறுகிறது! கங்கையம்மன் கண் திறந்துவிட்டாள் என்று எங்கள் வரிசைப் பெண்கள் கிணற்று உறைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பொங்கலிட்டுத் தேங்காய் உடைத்தோம். அக்கா வீட்டில் பாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுத்தனுப்பினார்கள். இந்த இடத்தைப் பிடித்தது யார் என்று அன்று ராத்திரி கணவரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு பருப்பு வேக மறுத்தது. துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் முழுசு முழுசாகப் பல்லைக் காட்டியது. அக்கா வீட்டிலும் அதே கதை. "கடைக்காரன் பழைய சரக்க கலக்குறான் டீச்சர். பேஜாரு புடிச்சவன்" என்றார். நான் கடைக்குப் போய்ப் பருப்பைக் கடைக்காரர் முன்னால் கொட்டிச் சண்டை போட்டேன். கடையை மாற்றினேன். திருப்பத்தூர் போனவரிடம் சொல்லி அங்கிருந்து பருப்பு தருவித்தேன். அதுவும் வேகவில்லை. திருப்பத்தூர்க் கடைக்காரருக்கும் சேர்த்துச் சாபம் கொடுத்தேன்.

ருசி கொஞ்சம் கொஞ்சமாக மாறியதில் நாக்கு பழகிவிட்டது, சிவப்பும் மணலில் வடிந்துவிட்டது. நாற்றம் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. வேறு ஊராக இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் ஊரில் தோல் நாற்றம் எதையும் காட்டிக்கொடுக்காது. சட்டையில் இருக்கும், பஸ்ஸில் இருக்கும், கல்யாணப் பந்தியில் இருக்கும். வீட்டில் அது கொஞ்சம் ஜாஸ்தி ஆனதும் நான் பிடித்துக்கொண்டது என் கணவரைத்தான். சரியாகக் குளிப்பதில்லை என்றேன். முதுகைத் தேய்ப்பதில்லை என்றேன். அந்த மனிதர் டேனரியில் நாள் முழுக்க ஈரத் தோலோடு மல்லாடிவிட்டு வந்து, மறுபேச்சில்லாமல் இன்னொரு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்வார். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரியும். தேய்க்கத் தேய்க்க நாற்றம் கூடியது.

ஆடி முடிந்து, என் நாத்தனார் கல்யாணத்துக்குக் கலவை என்கிற ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினோம். அங்கே பருப்பு பூவாக வெந்தது. அதற்கும் நான் கலவைப் பருப்பைத்தான் மெச்சினேன். ஊர் திரும்பியதும் அவர் குளிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் ஈரத் தலையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, மோந்து பாரு."

மோந்தேன். டேனரி நாற்றம்.

"ஒரு வாரமா நான் அந்தப் பக்கமே போவல. அப்போ இது எங்கேர்ந்து வருது?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேள்விப்பட்டிருக்கிறோம். எங்களுக்குப் பள்ளம் வெட்டிக் கிணற்றுக்குள் பூதம் வந்து சேர்ந்தது. இருவரும் மணலில் நடந்து பார்த்தோம். சுற்றிலும் வறண்டு கிடக்க, கேபிள் எடுத்த தடம் மட்டும் கிணற்றிலிருந்து மேடு வரை ஈரமாக நீண்டு கிடந்தது. இரண்டு ஓரத்திலும் உப்புப் பூத்திருந்தது. அதன் மேல் வளர்ந்திருந்த எருக்குகூடக் கருகிவிட்டது. மேட்டை அறுத்த இடத்தில் காலை வைத்தால் பொதபொதவென்று உள்ளே போனது. அம்மன் கண் திறக்கவில்லை. அந்தண்டைப் பள்ளத்துக் கழிவுத் தண்ணீர்தான் கேபிள் தடத்தில் வழி பிடித்துக் கிணற்றுக்கு வந்திருக்கிறது. அதற்குத்தான் தேங்காய் உடைத்திருக்கிறோம். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழக்கூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அதற்கப்புறம் அலைந்த அலைச்சலை விரித்தால் எனக்கே அலுக்கும். கான்ட்ராக்டர் எந்த ஊர்க்காரர் என்றே தெரியவில்லை. டெலிபோன் ஆபீசில், கேபிள் வந்துவிட்டது, பள்ளமும் மூடியாகிவிட்டது, அதோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள். டேனரிக்காரர்கள், நாங்களா தோண்டினோம் என்று கேட்டார்கள். மேஸ்திரியையும் சேர்த்து மூன்று பேர் சொன்னதிலும் ஒரு சொல் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் எங்கள் வரிசை ஆண்களே ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்து மேட்டை அடைத்தார்கள். கிணற்றை ஒட்ட இறைத்து ஊற்றினார்கள். மறுநாளே அதே தண்ணீர் மேலே வந்து நின்றது. ஒரு தடவை வழி கண்டுபிடித்த தண்ணீரை யார் மறக்கவைப்பது?

எண்பதுகள் வந்தன. அக்கா குடும்பம் பேரணாம்பட்டுக்குப் போய்விட்டது. போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வந்துடுங்க டீச்சர்" என்றார். எங்கே போவது? வீட்டை விற்க நினைத்தால், வந்தவர்கள் முதலில் கேட்பது தண்ணீர்தான். வாயில் விட்டதும் துப்பிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த இடத்துக்கு என்னால் வந்தோம் என்று கணவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பிழைப்பானது.

மழை பொய்த்த ஒரு வருஷம். ஊர் முழுக்கக் கிணறுகள் கட்டாந்தரையாகக் கிடந்தன. எங்கள் கிணறு மட்டும் கை விட்டு மொள்ளும் அளவுக்கு நிறைந்து நின்றது. எந்தத் தெருவிலிருந்தோ நாலைந்து பெண்கள் குடங்களோடு வந்தார்கள். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் உள்ளிருந்து ஓடிவந்து, வேண்டாம், இறைக்காதீர்கள் என்று வாளியைப் பிடித்துக்கொண்டேன். அதில் ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கெணறு ததும்பத் தண்ணிய வச்சிகினு இல்லன்ற. உன் வூட்டுத் தண்ணிய மொண்டா தீட்டாயிடுமா? நீ டீச்சராமே. புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கிற? நல்லா இருப்பியா நீ?"

பழைய நானாக இருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அன்று சொல்வதற்குத் தெம்பில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? வாளியில் மொண்டு அவர் முன்னால் நீட்டினேன். ஒரு கை அள்ளி வாயருகே கொண்டுபோனவர், முகத்தைச் சுளித்துக் கீழே கொட்டிவிட்டு, கையை முந்தானையில் மறுபடி மறுபடி துடைத்தார். மற்றவர்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

அந்த அம்மாதான் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"அப்போ நீ குடிக்கிறதுக்கு இன்னா பண்ற?"

"நீங்க எந்தப் பக்கம் தேடப் போறீங்க?" என்று கேட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றார். இருங்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் என் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தேன்.