கடிக்காத பூட்ஸ்

நந்தகோபால் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் லாஸ்டிங் வேலை செய்கிறவர். அச்சில் தோலை இழுத்து ஒட்டுவது அவர் வேலை. அவர் கை பட்ட ஷூ காலைக் கடிக்கிறது என்று எந்தத் தேசத்திலிருந்தும் திரும்பி வந்ததில்லை. இந்த ஒரு பெருமையை மட்டும் மனுஷன் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மகள் சௌமியாவுக்கு ஏழு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வலது குதிகால் தரையில் படியாது. நுனிக்காலில் தத்தித் தத்தி நடப்பாள். வாரந்தோறும் மனைவி எழிலரசி அவளை வாணியம்பாடிப் பக்கம் இருந்த பயிற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அங்கே பயிற்சி கொடுக்கும் பாரதி மிஸ் அளவெடுத்து ஒரு பூட்ஸ் வரவழைத்துக் கொடுத்தார். கணுக்காலைப் பிடித்து நிறுத்த உள்ளே கெட்டியான தகடு வைத்த பூட்ஸ்.

"கழட்டாம போட்டா குதிகால் இறங்கிடும். இல்லன்னா ஆபரேஷன்தான். எதுனா தொந்தரவுன்னா உடனே எடுத்துட்டு வாங்க."

போட்ட நாளிலிருந்து பிள்ளை ஓயாமல் அழுதது. நந்தகோபால் பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. இதையெல்லாம் ஒரு ஷூ என்று கொடுக்கிறார்களே!

"மிஸ்ஸ ஒரு வார்த்த கேட்டுடுங்க" என்றாள் எழிலரசி.

"ஷூவப் பத்தி என்கிட்டயே சொல்றியா நீ?"

தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை தையலைப் பிரித்தார், தகட்டை உருவினார், மெத்தென்ற ஆட்டுத்தோலை உள்ளே வைத்துத் தைத்தார். சௌமியா வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தாள்.

"கடிக்கலப்பா!"

அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

எழிலரசியும் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்த சமயம் அது. பிள்ளைதான் பூட்ஸ் போடுகிறதே என்று மாதக்கணக்கில் மையத்துப் பக்கமே போகவில்லை. ஒருநாள் நந்தகோபாலும் கூடப் போனபோது பாரதி மிஸ் பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். குதிகால் இறங்கவில்லை. முன்னைவிட மேலே ஏறியிருந்தது. அப்புறம் பூட்ஸுக்குள் விரலை விட்டார்.

"உள்ள இருந்த தகடு எங்க சார்?"

"கடிச்சிதுன்னு எடுத்துட்டேம்மா."

மிஸ் திட்டவில்லை. "இனிமே ஆபரேஷன்தான் சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. நந்தகோபாலுக்கு அழுகைகூட வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனார், டீ குடித்தார், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஆபரேஷன் நடந்த அன்றும் அப்படித்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு புது பூட்ஸ் வந்தது. உள்ளே அதே தகடு. எழிலரசி பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, அவர் லேஸ் கட்டினார்.

"கடிக்குதுப்பா" என்று அழுதாள் சௌமியா. "அன்னிக்கி செஞ்சியே, அதே மாரி செஞ்சி குடுப்பா. உனக்குத்தான் தெரியுமே."

நந்தகோபால் தலையை நிமிர்த்தாமல் லேஸை இன்னும் கொஞ்சம் இறுக்கி முடிச்சுப் போட்டார்.