துரை பங்களாச் சாமான்

கிராணி சேதுராமனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் தேறாது. குடிக்க மாட்டார். கையெழுத்து அழகாக இருக்கும். மற்றபடி, பதினேழு வருஷம் அந்த மனிதருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவன் நான். பார்த்த வரைக்கும் போதும்.

என் பெயர் தேவதாஸ், தையல்காரன். காஜா பேராங் சடக்கிலிருந்து உள்ளே பிரியும் சந்தில், ஒரே தகரக் கூரையின் கீழே ஆறு வீடுகள். மூன்றாவது என்னுடையது, நான்காவது அவருடையது. நடுவே வெறும் பலகைச் சுவர். அவர் தும்மினால் என் வீட்டில் கேட்கும். அவருக்கு ஓர் அரசாங்க ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. அந்தச் சந்தில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அதை நாங்கள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஐம்பத்தேழாம் வருஷம் பிறந்ததிலிருந்தே வெள்ளைக்காரர்கள் மலாய் நாட்டை விட்டு மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். புக்கிட் பெரிங்கிட் மேட்டில் வாரத்துக்கு ஒரு பங்களாவில் லேலோங் நடந்தது. கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் புல்தரையில் பரப்பிவைத்து ஏலம் போட்டார்கள். சேதுராமனுடைய துரைக்கும் ஜூன் மாதத்தில் கப்பல். மே மாதமே சேதுராமன் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்:

"துரை என்னைக் கூப்பிட்டு, 'சேது, பங்களாச் சாமான்ல உனக்குப் பிடிச்சதை எடுத்துக்க'ன்னு சொல்லிட்டாரு. பதினொரு வருஷப் பழக்கம் இல்லையா?"

நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். எங்கள் சந்தின் யோக்கியதை அவ்வளவுதான்.

லேலோங் அன்று நானும் போயிருந்தேன். துரைசானியின் தையல் மிஷின் கிடைக்குமா என்று ஒரு நப்பாசை. அது முதல் பத்து நிமிஷத்திலேயே ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் லாரியில் ஏறிவிட்டது. சேதுராமன் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். துரை படியிறங்கி வந்தார், கையில் ஒரு காகிதம். சேதுராமன் நிமிர்ந்து நின்று சலாம் வைத்தார். துரை அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்து, "இதை உன் முதலாளியிடம் கொடுத்துவிடு" என்று ஏலக்காரரைக் காட்டிவிட்டுப் போனார். ஏலக்காரரின் ஆள் என்று நினைத்துக்கொண்டார். பதினொரு வருஷம் தன்னிடம் கோப்பு நீட்டிய கிராணியின் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சேதுராமன் குனிந்து வாங்கி, கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். திரும்பி நடந்து வரும்போது என்னிடம் சொன்னார்: "துரைக்கு இன்னைக்கு ரொம்பத் தலைவலி."

மேசை நாற்காலிகள், பியானோ, கட்டில் எல்லாம் பெரிய கைகளுக்குப் போயின. கடைசியில் யாரும் கேட்காத மூன்று பொருள்கள் மிஞ்சின. ஒரு கண் இல்லாத மான் தலை, குடை செருகிவைக்கும் பித்தளைத் தொட்டி, வரவேற்பறை ஜன்னல் திரைகள். அவற்றைத்தான் சேதுராமன் வாங்கினார். ஹாலை நிரப்ப இது போதாதே. ஆற்றங்கரைப் பழைய சாமான் கடையில் ஒரு சோபா பிடித்தார். துறைமுகத்துப் பக்கம் சிப்பாய்கள் குடிக்கும் ஒரு கடையை மூடியபோது வந்த சோபா அது. சிவப்பு வெல்வெட், உட்காருமிடம் மட்டும் கறுப்பு. அதையும் பங்களாச் சாமான் என்றே சந்துக்குள் இறக்கினார்.

சோபா வாசலில் நுழையவில்லை. கதவு நிலையை அறுத்தார்கள். உள்ளே வந்ததும் நடக்க இடமில்லை. அவர் மனைவி சந்திரமதி பலகாரம் சுட உட்காரும் முக்காலியும், துணி வைக்கும் டீப்பெட்டிகளும், பாயும் பின்கட்டுக்குப் போயின. சந்திரமதி ரப்பர் தோட்டத்து லயத்துக் குடியிருப்பில் வளர்ந்த பொம்பளை. மாவுச் சாக்கை வெளுத்துத் தைத்தே வீட்டைப் பார்க்கிறமாதிரி வைத்திருந்தவள். அன்று அவள் சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"மனுசன் உக்கார வீடா, இல்ல மான் உக்கார வீடா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. சும்மா இரு."

திரைகளைத் தைக்க என்னைக் கூப்பிட்டார். ஒன்பதடி ஜன்னலுக்குத் தைத்தவை. இவர் வீட்டு ஜன்னலின் மொத்த உயரமே என் இடுப்பளவுதான்.

"பாதியா வெட்டிடவா, சார்?"

"வெட்டுறதா? துரை வீட்டுத் துணிப்பா அது! அப்படியே தொங்கட்டும்."

அப்படியே தொங்கியது. மிச்சம் ஆறடி சுவரோடு வழிந்து தரையில் குவிந்து கிடந்தது. இரண்டாம் நாளே முதல் வீட்டுக் கோழி அதற்குள் அடைக்கு உட்கார்ந்தது. விளிம்பு மடித்துத் தைத்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். ஏலத்தில் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சந்தின் யோக்கியதை என்று சொன்னபோது என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்த மறுவாரம், ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த மலாய் அதிகாரி இஞ்சே யூசோப்பையும் அவர் மனைவியையும் சேதுராமன் தேநீருக்கு அழைத்தார். துரையிடம் பதினொரு வருஷம் நடக்காததை இவரிடம் ஒரே மாதத்தில் நடத்திவிடலாம் என்ற கணக்கு. நான் புதிதாகத் தைத்த சோபா உறையை மாட்டிவிடப் போயிருந்தேன். "நீயும் இருப்பா, நாலு பேர் இருந்தாத்தான் ஹால் ஹாலா இருக்கும்" என்று ஓரமாக நிற்க வைத்துவிட்டார்.

சமையல்கட்டில் சந்திரமதிக்குத் துணையாக அஞ்சலை வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சலை இருபது வருஷம் அதே பங்களாவில் ஆயாவாக இருந்தவள். சந்திரமதிக்குத் தூரத்து உறவு. அவளைக் கூப்பிட்டது சேதுராமனுக்குத் தெரியாது. சமையல்கட்டில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இஞ்சே யூசோப் அமைதியான மனிதர். வந்தார், சோபாவில் உட்கார்ந்தார், ஸ்பிரிங் குத்தியதும் சற்று நகர்ந்துகொண்டார். மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று சுவரைப் பார்த்து, "மான் தலை எங்கே கிடைத்தது?" என்று மலாயில் கேட்டார்.

அவ்வளவுதான், சேதுராமன் கதையை அவிழ்த்துவிட்டார். குனோங் லேடாங் மலைக் காட்டில் துரையும் இவரும் இரண்டு நாள் நடந்தார்களாம். துரையின் குண்டு தவறியதாம். இவர் காட்டிய திசையில் இரண்டாவது குண்டு பாய்ந்ததாம். "இது உன் மான், சேது" என்று துரை தோளில் தட்டினாராம்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் இஞ்சே யூசோப்பின் மனைவியைக் கவனித்தேன். முதலில் முழங்கையைத் தடவினார். பிறகு கழுத்தை. பிறகு கெபாயாச் சட்டையின் கைமடிப்பிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். மூட்டைப்பூச்சி. அதைத் தட்டில் வைத்து, கோப்பையைக் கவிழ்த்து மூடினார். கணவரைப் பார்த்தார். கணவர் ஏற்கெனவே தொடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை வடைத் தட்டோடு வந்தாள். மான் கதையின் கடைசிப் பகுதி அவள் காதில் விழுந்திருக்கிறது. எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே சொன்னாள்:

"இந்த மானா? நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அங்கதான் மாட்டியிருந்தது. நாலு துரை மாறிப் போனாங்க, மான் மட்டும் மாறல. அந்தக் கண்ணு நான் தூசி தட்டுறப்போ விழுந்தது."

"நீ உள்ள போ" என்றார் சேதுராமன், தமிழில்.

"போறேன். ஆனா இந்தச் சோபா நம்ம பங்களாது இல்ல. உறைக்கு அடியில சிவப்பு தெரியுது, நம்மது பச்சை."

இஞ்சே யூசோப் எழுந்தார். வேறு ஓரிடத்துக்கும் போக வேண்டியிருப்பதாகச் சொன்னார். வாசலில் செருப்புப் போடும்போது அவர் மனைவி சந்திரமதியின் கையைப் பிடித்து, வடை நன்றாக இருந்தது என்றார். வடையை யாருமே தொடவில்லை. கார் திரும்பியதும், கோழி திரைக்குள்ளிருந்து எழுந்து வந்து அந்த வடையைக் கொத்தியது.

அன்றைக்கே விஷயம் முடிந்திருந்தால் அவர் மானம் மட்டும்தான் போயிருக்கும். ஆனால் பலகைச் சுவர் இடுக்கு வழியாக அந்தப் பூச்சி ஆறு வீட்டுக்கும் குடிவந்துவிட்டது. பிள்ளைகள் உடம்பெல்லாம் தடிப்பு. எல்லோரும் கட்டிலை வெளியே போட்டு வெந்நீர் ஊற்றினோம். நான் தைக்க வாங்கி வைத்திருந்த கல்யாணத் துணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நாங்கள் நாலு ஆண்கள் போய் சோபாவைத் தூக்கினோம். சேதுராமன் அறுத்த கதவு நிலையில் கை வைத்து மறித்தார்.

"மண்ணெண்ணெய் தடவினா சரியாப் போயிடும். நல்ல சோபாப்பா!"

சந்திரமதி பின்னாலிருந்து அவர் கையை எடுத்து விட்டாள். "தூக்குங்கண்ணே" என்றாள் எங்களிடம்.

சந்து முனையில் வைத்துக் கொளுத்தினோம். சேதுராமன் என் பக்கத்தில் வந்து நின்றார். அன்று ஒரு முறைதான் அவர் என்னிடம் உண்மை பேசினார்.

"கோப்பு கொண்டுபோய் அந்த ஹால் வாசல்ல எத்தனை தடவை நின்னிருக்கேன், தேவதாஸ். ஒரு தடவையாவது உக்காருன்னு சொல்லியிருக்கலாம்."

எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் இளகியது. எதிரே நின்ற என் மகளின் கழுத்துத் தடிப்பைப் பார்த்தேன், இறுகிவிட்டது. அதுவும் நல்லதாயிற்று. மறுநாளே பஸ் நிறுத்தத்தில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், இஞ்சே யூசோப் வீட்டம்மாவின் உடம்பிலிருந்துதான் பூச்சி வந்ததாம்.

அந்தப் பேச்சு ஆபீசுக்கும் எட்டியது. அடுத்த மாதம் இஞ்சே யூசோப் சேதுராமனைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

வீட்டில் சந்திரமதி ஒரே ஒரு பேச்சு பேசினாள்: "இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு ஆணி வரணும்னாலும் என்கிட்ட கேட்டுத்தான் வரணும்." பேசிவிட்டு, திரைகளை என்னிடம் கொடுத்து வெட்டச் சொன்னாள். ஒரு திரையில் நாலு ஜன்னலுக்கு ஆயிற்று. மிச்சத்தில் தலையணை உறைகள். ஹால் மறுபடி ஹாலாயிற்று, பாய் விரிக்க இடம் வந்தது. சாயங்காலங்களில் சந்துப் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

சேதுராமன் எதையும் கேட்டதாகவும் தெரியவில்லை, வாங்கியதாகவும் தெரியவில்லை. யாராவது ஹாலைப் புகழ்ந்தால் மட்டும், ஆடம்பரம் தனக்கு எப்போதுமே பிடிக்காது, துரையே தன்னிடம் எளிமையைக் கற்றுக்கொண்டார் என்பார். அதையும் தலையாட்டிக் கேட்க எங்கள் சந்தில் ஆள் இருந்தது.