சில்லறையாரின் புதுக் கம்ப்யூட்டர்

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்குக்கு அவர் பொறுப்பாளராக இருந்த காலத்தில், அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட வெளியே போனதில்லை. மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர் ‘சில்லறை’. ஓய்வு பெற்ற அன்று மேனேஜரே வாய் தவறி “நம்ம சில்லறையார்” என்று மைக்கில் சொல்லிவிட, கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவருக்குப் பெருமைதான்.

வீட்டிலும் அதே கெடுபிடி. வரவு செலவு முழுவதும் பல வருடங்களாகக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. வங்கிக்கு ஒரு கணக்கு, வீட்டுச் செலவுக்கான பணப்பெட்டிக்கு ஒரு கணக்கு. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் மனிதருக்கு ஒரு தனி ருசி. மளிகைக்கடை பில்லில் கூட்டல் பிசகியிருந்தால் போதும், அன்றைக்கு அவருக்கு இரண்டு பிடி கூடுதலாகச் சோறு இறங்கும்.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவாள். “போன மாசம் அஞ்சு மில்லிகிராம்தானே குடுத்தாங்க, இப்ப ஏன் பத்து? டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க” என்று வாசல்வரை போன ஆளைத் திரும்பக் கூப்பிடுவாள். கடைச் சாவியில் ஒன்று அவள் இடுப்பில்தான் இருக்கும். முதலாளிக்கே அவளிடம் கொஞ்சம் பயம் என்று பேச்சு.

பழைய கம்ப்யூட்டர் இழுத்துப் பறிக்க ஆரம்பித்ததும், வெளியூரில் இருக்கும் மகள் ஒரு லேப்டாப் வாங்கி அனுப்பினாள். பழசு ஒரு கம்பெனி, இது வேறு கம்பெனி. அதில் ஓடிய கணக்கு மென்பொருளை இது உள்ளேயே விடமாட்டேன் என்றது. “ஆள் வெச்சு மாத்திக்கங்கப்பா” என்றாள் மகள். சில்லறையாருக்கா ஆள்? இந்தக் கம்ப்யூட்டருக்கென்று இருந்த வேறொரு மென்பொருளைப் போட்டார். பழையதிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் தனித்தனி கோப்பாகப் பிரித்து, பென் டிரைவில் ஏற்றி, புதியதில் இறக்கினார்.

பாதியில் அது ஒரு கேள்வி கேட்டது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போன பணத்தில், தேதி ஒத்துப்போகாதவற்றையும் ஒன்றாக இணைக்கலாமா என்று. கீழே ‘மேலும் அறிய’ என்றும் போட்டிருந்தது. நம்மவர் எதற்கு அதைப் படிக்கப் போகிறார்? என் கணக்கில் மெஷின் கை வைப்பதா என்று ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். வங்கியில் இன்றைய இருப்பு எவ்வளவு என்று கேட்டது, சொன்னார். கச்சிதமாக ஏற்றுக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி சாப்பிட வந்திருந்தான். சும்மா இருப்பாரா? சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறந்து கடை விரித்தார். பெட்டிக் கணக்கைத் தட்டியதும் அவர் முகம் மாறியது. பெட்டியில் இருப்பதைப்போலப் பல மடங்கு பணம் இருக்க வேண்டும் என்றது திரை. துருவினார். வெள்ளிக்கிழமை ஏடிஎம்மில் எடுத்த பணம். அதே தொகை திங்கட்கிழமை இன்னொரு முறை. போன மாதமும் அப்படி, அதற்கு முந்தைய மாதமும் அப்படி. ஏடிஎம் அட்டை மனைவியிடம்தான் இருந்தது.

“ஏம்மா, வெள்ளிக்கிழம எடுத்த பணத்த திங்கட்கிழம மறுபடியும் எடுத்திருக்கியே. அது எங்க?”

“நான் ஒரு தடவதானே எடுத்தேன்?”

“நீ ஒரு தடவங்கிற, இது ரெண்டு தடவங்குது. இது எதுக்கும்மா பொய் சொல்லப்போகுது?”

அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். தேதி, தொகை எல்லாம் வரிசையாக இருந்தது. தம்பி சூழ்நிலையைக் கலகலப்பாக்குவதாக நினைத்து, “என்னக்கா, அம்மா மாதிரி ஆரம்பிச்சிட்டியா?” என்றான்.

அவர்கள் அம்மா கடைசிக் காலத்தில் ஒரே குழம்புக்கு மூன்று தரம் உப்புப் போட்டவள். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பூட்டியவள். பெற்ற மகளையே “நீ யாரும்மா?” என்று மரியாதையாகக் கேட்டவள். மனைவியின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. சில்லறையார் அதைப் பார்த்தார். பார்த்தவர் நிறுத்தியிருக்கலாம். பெருந்தன்மையாக, “சரி விடு, வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்றார். வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கணக்கில் துண்டு விழுந்ததை மன்னித்துவிட்டோம் என்று அவருக்கு அன்றைக்கு ஒரு திருப்தி வேறு.

அதற்குப்பின் அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிவந்து பார்த்தாள். “கதவ பூட்டினேனாங்க?” என்று கேட்டாள். இவரும் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். கடையில் ஒரே மாத்திரை அட்டையைப் பலமுறை எண்ணினாளாம். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்களாம். ஒருநாள் வந்து, “வேலைய விட்டுடறேன்னு சொல்லிட்டேன்” என்றாள். “மாத்திரைய மாத்திக் குடுத்துட்டா? யாரோட உசுராவது போயிடுமே.”

“நல்ல முடிவும்மா” என்றார் நம்மவர்.

அத்தோடு விட்டாரா? அவளுடைய நல்லதுக்கென்றே, அவள் ஏடிஎம் அட்டையை நிறுத்திவைக்க ஒரு புதன்கிழமை வங்கிக்குப் போனார். எழுதிக்கொடுக்கும் முன், ஆதாரத்துக்காகச் சில மாதக் கணக்கை அச்சடித்து வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து விரல் வைத்துப் பார்த்தார். திங்கட்கிழமைகள் இருந்தன. வெள்ளிக்கிழமைகளைக் காணோம்.

காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகுதான் உறைத்தது. அவள் வெள்ளிக்கிழமை கடை மூடியதும் பணம் எடுத்து வருவாள். இவர் அன்றைய தேதியிலேயே பெட்டிக் கணக்கில் ஏற்றிவிடுவார். அது வேறு வங்கியின் ஏடிஎம் என்பதால், இவர் வங்கியோ விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை தேதியில்தான் காட்டும். பழைய மென்பொருளில் இரண்டும் ஒரே பணம்தான் என்று இவரே தன் கையால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். புதியது அந்த முடிச்சைப் போடலாமா என்றுதான் கேட்டது. ‘வேண்டாம்’ என்றவர் இவர்தான். அவள் எடுத்தது ஒரே தடவைதான். எப்போதும் ஒரே தடவைதான்.

சில்லறையாருக்கு உடம்பு கூசியது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து வங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். வீட்டுக்குப் போனதும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். செய்தாரா? அவள் சமையலறையில் இருந்த நேரமாகப் பார்த்து லேப்டாப்பைத் திறந்து, இரட்டிப்பு வரிகளை ஒன்றொன்றாக இணைத்தார். பெட்டிக் கணக்கு கடைசிக் காசுவரை நேரானது. அந்த நொடியில் அவருக்குச் சந்தோஷம் வந்தது. கணக்கு நேரானதற்கான சந்தோஷம்! அதை நினைத்து அவரே தன்னைக் காறித் துப்பிக்கொள்ளாத குறை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். மறுநாளும் அதையேதான் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை அவள் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய வெள்ளைக் கோட்டைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, மககிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கும் அம்மா மாதிரிதான்னு. நான் பேசினா அழுதுடுவேன்.”

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். கேள்வியைப் படிக்காமல் அழுத்தியதை, தேதிகளை, வங்கிக்கு எதற்குப் போனார் என்பதைக்கூட. “உனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான்தான் முட்டாள்.”

அவள் பொறுமையாகக் கேட்டாள். “அந்தக் காகிதத்தக் காட்டுங்க.”

“கிழிச்சுப் போட்டுட்டேன்.”

“கம்ப்யூட்டர்ல?”

“சரி பண்ணிட்டேன். வந்து பாரு, இப்ப ஒரு தடவதான் காட்டுது.”

அவள் வரவில்லை. மடித்த கோட்டின் காலரை நீவிவிட்டாள். “எனக்காக மாத்தி வெச்சிருக்கீங்க. நீங்க தப்புப் பண்ணினதா இத்தன வருஷத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?”

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சொன்னதில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. உடனே அவள் தம்பிக்குப் போன் போட்டார். யார் முன்னால் கேட்டோமோ அவன் முன்னாலேயே ஒப்புக்கொண்டால் நம்புவாள் என்று நினைத்தார். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். தப்பு தன்னுடையதுதான், அக்காவுக்கு எந்த மறதியும் இல்லை என்று சொன்னார்.

அந்தப் பக்கம் தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான். “புரியுது மாமா. அக்கா கேட்டா நானும் இதையேதான் சொல்வேன். பாவம், நிம்மதியா இருக்கட்டும். பத்திரமா பாத்துக்கங்க.”

போன் அணைந்தது. சில்லறையாருக்கு அவளை நிமிர்ந்து பார்க்கும் தைரியமில்லை. தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

“திங்கட்கிழம பேங்க் திறந்ததும் ரெண்டு பேரும் போவோம். உன் கண்ணாலயே பாரு. அதுவரைக்கும் கடைச் சாவிய மட்டும் குடுத்துடாத.”

“சரி” என்றாள் அவள், அவர் மனம் நோகக்கூடாது என்பதுபோல. “ஆனா திங்கட்கிழம நீங்கதான் எனக்கு ஞாபகப்படுத்தணும். நான் மறந்துடுவேன்.”