பூவாடைக்காரிக்குக் கடலை ஆகாது

சேலையூரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் தீபலட்சுமிக்கு வேலை. சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். கோவிலம்பாக்கத்துப் புகுந்த வீட்டில் மட்டும் அந்தக் கறார் செல்லாது.

மகள் ஸ்நேகாவுக்கு மூன்று வயதானபோது, பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் கொடுத்த கடலை உருண்டையில் பாதியைக் கடித்தாள். கால் மணி நேரத்தில் உதடு தடித்து, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது தெய்வாதீனம்.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

“எங்க வூட்ல யாருக்கும் இல்ல டாக்டர்,” என்றான் கணவன் ஜீவானந்தம், சட்டென்று.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வாமை ரத்தவழியில் வரலாம். மரபணு அப்படியே இருக்கும். அதைப் பேச வைப்பதும் வாயடைப்பதும் அதன்மேல் ஒட்டியிருக்கும் வேறு சில அடையாளங்கள். கருவில் இருக்கும்போதும் பிறந்த பிறகும் நடப்பதை வைத்து அவை மாறலாம். தகப்பனிடம் ஊமையாகக் கிடந்தது பிள்ளையிடம் வாய் திறக்கலாம். அடுத்த குழந்தை என்றால், பிறந்ததிலிருந்தே கவனமாக இருக்கக் குடும்ப விவரம் முழுதாகத் தெரிய வேண்டும்.

ஜீவானந்தம் கடலையைக் கைநிறைய அள்ளித் தின்கிறவன். ஆகவே குற்றம் யார் பக்கம் என்பதில் மாமியார் தனத்துக்குச் சந்தேகமே இல்லை. நம் வீடுகளில் வியாதியும் மருமகள் கொண்டுவந்த சீர்வரிசைதான். தீபா தன் அம்மாவைக் கேட்டுக் கேட்டுத் துளைத்தாள். மசக்கையில் எதைத் தின்றோம், எதைத் தள்ளினோம் என்று யோசித்துத் தன்னையே நொந்துகொண்டாள். இப்போது மறுபடியும் ஆறு மாதம். பயம் சோற்றை இறங்கவிடவில்லை.

இந்த நேரத்தில் நாத்தனார் ஜெயஸ்ரீக்குக் கல்யாணம் கூடிவந்தது. முப்பத்தொரு வயது, இரண்டு வரன் கைநழுவியவள். கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி படையல். அகாலத்தில் போய்விட்ட வீட்டுப் பெண்ணுக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிடுவார்கள்.

மாமனாரின் பங்காளி கேசவன் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயோடு வந்தார். தனம் பாய்ந்து அதைப் பிடுங்கி வெளியே வீசினாள். பேத்திக்காகத்தான் என்று தீபாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

“பூவாடைக்காரிக்குக் கடலை ஆகாதுன்னு தெரியாதா? இந்த வூட்டுப் படையல்ல என்னிக்காவது வெச்சிருக்கோமா?” என்றாள் தனம்.

தீபா கேசவனைத் தனியே பிடித்துக் கேட்டாள். மனுஷன் சூதுவாது தெரியாதவர்.

“உன் மாமனாரு தங்கச்சிம்மா அது. ஆறு வயசு. வறுத்த கடலை துன்னுச்சு, மூஞ்சி வீங்கிப்போச்சு, பஸ் ஏத்தறதுக்குள்ள போய்டுச்சு. காத்து அட்சிடுச்சின்னாங்க. அதுக்கு முன்ன உன் மாமனாரோட அத்தை ஒண்ணு, சின்ன வயசுலயே, அதே மாரி.”

படையல் முறத்தில் புதுத்துணியாக இரண்டு சின்னப் பாவாடைகள் இருந்தன.

தீபா கணவனைக் கொல்லைப்புறம் இழுத்துப் போய்க் கேட்டாள். அவன் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“தெரியும். சொன்னா எனுக்குப் பொண்ணு குட்த்திருப்பாங்களா? ஜெயஸ்ரீ கல்யாணம் முடியட்டும் தீபா. அப்புறம் டாக்டராண்ட சொல்லிக்கலாம்.”

ஓங்கி அறையலாமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

படையல் முடிந்த கையோடு மாப்பிள்ளையின் அம்மா முகூர்த்தப் புடவை கொண்டுவந்தாள். ஸ்நேகாவின் கழுத்தில் தொங்கிய மருந்துப் பையைப் பார்த்து என்னவென்று விசாரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

“பரம்பரையா வர்றதா இது?”

மாமனார் பக்தவச்சலம் தலை குனிந்தார். மஞ்சள் பூசிய முகத்தோடு ஜெயஸ்ரீ தீபாவையே பார்த்தாள். முப்பத்தொரு வயது முகம்.

உண்மையைச் சொல்லத்தான் தீபா வாயெடுத்தாள்.

“எங்கம்மா வூட்டு வழிங்க,” என்றாள். “இவங்க பக்கம் யாருக்கும் இல்ல.”

அந்த அம்மாள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். ஜெயஸ்ரீயின் தலையில் பூவைச் சரிசெய்தபடி சொன்னாள்:

“நல்லதாப் போச்சு. நமக்கு மேடவாக்கத்துல எண்ணெய்ச் செக்கு இருக்குதில்ல? எங்க வூட்ல பொறக்கற புள்ளைக்கு, மொத நாள்லேர்ந்தே உடம்பு முழுக்கக் கடலை எண்ணெய்தான் தேய்ப்போம்.”