சாமி கத்தியும் கரோல் பாக் குறடும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். பேனாவை எடுப்பேன். யார் யார் என்ன சொல்வார்கள் என்று நினைத்து மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். ஆனால் அன்றைக்கு நடந்ததை மற்றவர்கள் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கூட நடந்தவள் நான். முருகன் அறிய, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் கோபப்பட்டுக்கொள்ளட்டும்.

பெரிய பயணம் இல்லை. டில்லிக்குள்ளேயே, கரோல் பாக்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டிலிருந்து ராமகிருஷ்ணபுரத்தில் மலைமேல் இருக்கும் முருகன் கோயில் வரைக்கும். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் பத்து ரூபாய். தைப்பூசத்துக்கு நாங்கள் நடந்துதான் போவோம். அப்போது கரோல் பாக்கிற்கு மெட்ரோ ஓடவில்லை. பூசா ரோட்டின் நடுவில் தூண்கள் மட்டும் நின்றன.

காவடி எடுத்தவர் என் வீட்டுக்காரர். எங்கள் மகள் மீனா டைபாய்டில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. முந்தின வருஷமே எடுத்தார். கோயில் சேரும்வரை காவடியைத் தரையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் முறை. பாதி வழியில், ரிட்ஜ் காட்டுச் சாலையில், வளைவைத் தண்டோடு சேர்த்துக் கட்டிய கம்பி அறுந்துவிட்டது. கையில் இருந்தது பழம் நறுக்கும் கத்தி ஒன்றுதான். யாரோ அதன் நுனியை விட்டுக் கம்பியைத் திருகினார்கள். நுனி முறிந்தது, கம்பி இறுகவில்லை, வளைவு சாய்ந்து பால்செம்பு கவிழ்ந்தது. காவடியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குத் திரும்பினோம். அன்றிலிருந்து அவர் பூஜை அலமாரிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கும்பிட்டதில்லை. கடன் வாங்கியவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவார். இந்த வருஷமும் பாதியில் நின்றால் மனுஷர் உடைந்துபோவார். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அந்தக் கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து கொண்டுவந்தது, மடங்காதது, மரப்பிடி. ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்து, பிறகு சாமிக்குப் படைக்கிற பழம், இலை, தேங்காய் நார் இவற்றுக்கு மட்டும் எடுப்போம். முறிந்த நுனியைச் சாணை பிடித்துச் சரிசெய்தோம். மடக்குக் கத்தியானால் இடுக்கில் அழுக்கு சேரும். இதை ஒரு சொம்பு தண்ணீரில் கழுவினால் சுத்தம். அதனால்தான் சாமி காரியத்துக்கு அது. அதை வைத்தே கம்பியையும் செருப்பு ஆணியையும் நோண்டுவது தப்பு. சாமிக்கும் தப்பு, கத்திக்கும் தப்பு. அதோடு துணைக்கு இன்னொன்று வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மீனாவைக் கூட்டிக்கொண்டு கரோல் பாக் இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். சாதாரணக் குறடும் திருப்புளியும் தனித்தனியாக எடுத்துப்போனால் கனம். இடுப்புப் பையில் குத்தும். கடைக்காரர் மூன்று மடக்குச் சாமான்களை எடுத்துப் போட்டார். மல்டி டூல் என்றார். முதலாவது சிவப்புப் பிடி, முந்நூற்று ஐம்பது ரூபாய். அதில் கத்தரி, கத்தி, பல்குத்தி எல்லாம் இருந்தது, குறடு மட்டும் இல்லை. இரண்டாவது வெளிநாட்டுச் சரக்கு, தோல் உறையோடு ஆயிரத்துத் தொள்ளாயிரம். பளபளவென்று இருந்தது. ஆனால் இரண்டு பிடியையும் இரண்டு கையால் பிரித்தால்தான் திறக்கும்.

எனக்கு ஒரு கைதான் கிடைக்கும். கூட வருகிறவர்கள் எல்லாரும் அவரவர் காவடியைப் பிடித்திருப்பார்கள். வளைவு சாய்ந்தால் என் இடது கை அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதனால் கடை வாசலில் ஷட்டர் இழுக்கும் கம்பியை இடது கையால் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார்.

“அம்மா, பையா ஹஸ்ரஹா ஹை. ஜல்தி வாங்கிட்டு வா, எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் மீனா, கடைக்காரர் சிரிப்பதைப் பார்த்துக் கூசி.

“பாக்கட்டும். உங்கப்பா தோள்ல இருக்கும்போது யாரும் வந்து திறந்து குடுக்கப்போறதில்ல.”

மூன்றாவது சீனச் சரக்கு, இருநூற்று எண்பது ரூபாய். பெருவிரலால் ஒரு பொத்தானை முன்னுக்குத் தள்ளினால் குறடு வெளியே வந்து நின்றுகொள்ளும். கம்பி வெட்டும் வாய் இருந்தது, திருப்புளி இருந்தது. அழுத்திப் பிடித்தாலும் பிடி உள்ளங்கையைக் கடிக்கவில்லை. அதிலிருந்த கத்தி விரல் நீளம், மட்டம். இருக்கட்டும், கத்திதான் என்னிடம் இருக்கிறதே. இருக்கிற பொருளுக்கு இன்னொரு தடவை எதற்குக் காசு கொடுப்பது? கடையிலேயே துண்டுக் கம்பி கேட்டு வாங்கி, ஒரு கையால் முறுக்கிப் பார்த்த பிறகுதான் பையைத் திறந்தேன்.

தைப்பூசத்தன்று காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பனிமூட்டத்தில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. எட்டுக் காவடிகள். எங்கள் கூட்டத்தை நடத்திப்போகும் குருசாமி ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். என் இடுப்புப் பையிலிருந்த குறட்டைப் பார்த்தார்.

“ஏம்மா செல்வி, காவடிக்கு வர்றியா, கார் ரிப்பேருக்கு வர்றியா?”

“ரெண்டுக்கும்தான் சாமி. போன வருஷம் கார் ரிப்பேர்காரன் இருந்திருந்தா பால் கொட்டியிருக்காது.”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, “சும்மா வா புள்ள,” என்றார்.

ஆறேகாலுக்கு ஷங்கர் ரோடு ரவுண்டானா. குடியரசு தின நெருக்கம் என்பதால் தடுப்பு போட்டு ஒவ்வொரு பையாகச் சோதித்தார்கள். மீசை நரைத்த ஒரு கான்ஸ்டபிள் என் பையில் கையை விட்டுக் கத்தியை எடுத்தார்.

“யே க்யா ஹை?” இது என்ன என்று கேட்டார்.

“பகவான் கா ஹை,” என்றேன். சாமியுடையது.

“அவுர் யே?” குறட்டைத் தொட்டார்.

“யே மேரா ஹை.” இது என்னுடையது.

அவருக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன், அடக்கிக்கொண்டார். இரண்டையும் விட முடியாது, மேலே இருப்பவர் திட்டுவார், ஒன்றை இங்கே வைத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள் என்றார். குருசாமி உடனே, “அந்தக் கொறட்டக் குடுத்துரும்மா. நேரமாகுது,” என்றார்.

கத்திக்கு வேலை கோயிலில்தான். வாழைப்பழத்தை உரித்து வைக்கலாம், தேங்காயைக் கல்லில் உடைக்கலாம், இலையைக் கையால் கிழிக்கலாம். கம்பியைக் கையால் முறுக்க முடியாது. நான் கத்தியைக் கொடுத்தேன்.

“சாமி கத்திய போலீஸ்கிட்ட குடுத்துட்டு, கடையில வாங்குனத இடுப்புல கட்டிக்கிட்டு வர்றா. நல்லாருக்கு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

ரிட்ஜ் சாலையில் இரண்டு பக்கமும் கருவேலமும் முள்ளும். குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து எங்கள் பழக்கூடையைக் கண்காணித்தன. மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். மயிற்பீலி ஒரு பக்கமாகச் சரிந்தது. போன வருஷம் அறுந்த அதே இடது பக்கம். இந்தத் தடவை கம்பி அறுந்துபோகவில்லை, நெகிழ்ந்து புரி கழன்றுகொண்டிருந்தது.

அவர் நின்றுவிட்டார். “செல்வி, போச்சு,” என்றார். அந்தக் குரலை எழுத எனக்கு வரவில்லை.

“ஒண்ணும் போகல. நீங்க நில்லுங்க. மூச்ச மட்டும் விடுங்க.”

இடது கையால் வளைவை நிமிர்த்திப் பிடித்தேன். வலது பெருவிரல் குளிரில் மரத்திருந்தது. பொத்தான் முதல் தடவை நழுவியது. முருகா என்று சொல்லித் தள்ளினேன், வந்தது. கம்பியின் வாலைக் கவ்வி முறுக்கினேன், முறுக்கினேன். உள்ளங்கை சிவந்தது. மிச்சக் கம்பி அவர் கழுத்தைக் குத்தாமல் இருக்க அதன் முனையை வெட்டினேன். திருப்புளியால் பக்கத்துத் திருகாணியையும் இறுக்கினேன். செம்புப் பால் ஒரு தடவை அலைந்து நின்றது. ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

குருசாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அரோகரா” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

தௌலா குவானில் வெயில் வந்தது. ஒன்பதரைக்கு மலைப்படி ஏறினோம். பழத்தை உரித்து வைத்தேன், தேங்காயைக் கல்லில் உடைத்தேன். பால் அபிஷேகத்துக்குப் போயிற்று. என் வீட்டுக்காரர் காவடியை இறக்கி வைத்துவிட்டு சந்நிதிக்கு முன் நிமிர்ந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நான் நகரவிடவில்லை.

திரும்பும்போது பஸ். ஷங்கர் ரோட்டில் இறங்கிக் கான்ஸ்டபிளைத் தேடினேன். போலீஸ் கூண்டுக்குள், அவர் ஒட்டி வைத்திருந்த அனுமார் படத்துக்குப் பக்கத்துப் பலகையில், செய்தித்தாளை விரித்து அதன்மேல் எங்கள் கத்தி இருந்தது. “சந்தன் லகா தா, இஸ்லியே நீச்சே நஹீ ரக்கா,” என்றார். சந்தனம் வைத்திருந்தது, அதனால் கீழே வைக்கவில்லையாம். யார் வீட்டுச் சாமியோ, என்ன முறையோ, அவருக்குத் தெரியாது. என் பின்னால் பேசியவர்களுக்கு எல்லாம் தெரியும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

மதுரையில் காவடி எடுத்தால் தெருவே கூட வரும். ஆளுக்கு ஒரு கை கொடுக்கும். டில்லியில் நம் கையில் இருப்பதுதான் நமக்கு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கத்திக்குப் பக்கத்தில் குறட்டையும் வைத்துச் சந்தனம் வைத்தேன். கூடாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். இன்று வரை வைக்கிறேன்.

இப்போது கதை வேறுமாதிரி ஊரில் ஓடுகிறது. கம்பி தானாக இறுகியதாம், வானத்தில் மயில் பறந்ததாம். மயில் பறக்கவில்லை. குரங்குதான் இருந்தது, எங்கள் கூடையிலிருந்து இரண்டு பழமும் எடுத்துக்கொண்டு போயிற்று. எனக்குப் புத்தி கொடுத்தவன் முருகன், அதில் சந்தேகம் இல்லை. அவன் புத்தியைக் கொடுத்து, கரோல் பாக் கடைக்கு அனுப்பி, இருநூற்று எண்பது ரூபாய்க் குறட்டை வாங்க வைத்தான். அது அவனுக்குக் குறைச்சலும் இல்லை.

காவடி எடுக்கப் போகிறவர்கள் யாராவது கேட்டால் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆனால் ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டாம். குரங்கு என்று எழுதியிருக்கும் இடத்தில் மயிலைப் போடாதீர்கள். குறடு என்று எழுதியிருக்கும் இடத்தில் குறடு என்றே சொல்லுங்கள்.