நகரசபை மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை

சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள்கள் ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தால் முதலில் தகரக் கூரை அதிரும், அடுப்பில் இருக்கும் பானையின் மூடி கிடுகிடுக்கும், அதன் பிறகுதான் சத்தம் காதுக்கு எட்டும். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்த அந்த வருடத்துக் கச்சான் மாதங்களில், மேற்கிலிருந்து வீசிய சூடான காற்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஒழுங்கையின் மணலை வாரி வாசல்களில் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், அந்த அதிர்வை வைத்தே எத்தனை பைக் வருகிறது, எங்கள் வீட்டைத் தாண்டிப் போகுமா நிற்குமா என்று சொல்ல நான் பழகியிருந்தேன். நின்றால் அண்ணாவைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மா கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, அவன் சட்டை போட்டு வெளியே போகும்வரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அண்ணாவின் பெயர் அன்ரன். வயது பதினெட்டு. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தடவை தவறியதால் படிப்பை நிறுத்தி, பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு பைக் திருத்தும் கடையில் வேலை செய்தான். அப்பா கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவருடைய குரலைக் கேட்போம். ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கூடும் பொடியன்கள் சிலர் அண்ணாவை மறித்து, முழங்காலில் இருத்தி, அதைப் போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்கூட அதைப் பார்த்தார்கள். அடுத்த கிழமையே அவன் எங்கள் பக்கத்து "குரூப்"பில் சேர்ந்துவிட்டான். இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் "ஏழாம் நம்பர்". மற்றவர்கள் "தாங்கியடி". இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் ஒரே பள்ளிக்கூடங்களில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக வேலை பார்த்தார். காயப்பட்டு வருகிறவர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதும் இரத்தம் சிந்திய நிலத்தைக் கழுவுவதும் அவருடைய வேலை. ஒரு மத்தியானம் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே, யாரையோ பற்றிச் சொல்வது போல, "இண்டைக்கு ஒரு பொடியனைக் கொண்டு வந்தவை. மணிக்கட்டு தோலில தொங்குது. தாய் அந்தக் கையைத் தன்ர சேலையால தாங்கிப் பிடிச்சுக்கொண்டு வாறா" என்றார். அண்ணா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினான்.

அந்த மாதங்களில்தான் நகரசபை ஒரு குழுவை அமைத்தது. பொலிஸ், பங்குத் தந்தை, பள்ளிவாசல் நிர்வாகத்தார், பாடசாலை அதிபர்கள், கடற்றொழிலாளர் சங்கத்தார் எல்லோரும் அதில் இருந்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் நகரசபை உத்தியோகத்தரான ஃபரீனா மிஸ். கிண்ணியாவிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வரும், முப்பது வயதைத் தாண்டாத பெண். அவர் வீடு வீடாக வந்து சொன்னது இதுதான்: பிள்ளைகளை மாலையில் நகரசபை மண்டபத்துக்கு அனுப்புங்கள், படகு இயந்திரம் திருத்தப் பழக்குவோம், சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுப்போம், வாள் கத்தி இருந்தால் கொண்டு வந்து ஒப்படையுங்கள், பெயர் பொலிஸ் புத்தகத்துக்குப் போகாது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லை மிஸ்" என்றார். மிஸ் அதை நம்பியது போலத் தலையாட்டினார். ஆனால் போகும்போது தன் போன் நம்பரை என்னிடம் சொல்லி, எங்கள் சுவர்க் கலண்டரின் ஓரத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் போனார்.

அண்ணா இரண்டு மாலை அங்கே போனான். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவது அவனுக்குப் பிடித்திருந்தது; வீட்டுக்கு வந்து கைகளில் இருந்த கிறீசை முகர்ந்து பார்த்ததை நான் கண்டேன். மூன்றாவது மாலை தாங்கியடிப் பொடியன் ஒருவன் அதே மேசைக்கு வந்து, பழைய படத்தை ஞாபகப்படுத்திச் சிரித்திருக்கிறான். அண்ணா திரும்பி வந்துவிட்டான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சமைக்கும் குசினியின் கூரை வளைமரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் அப்பா உடுத்த பழைய சாரத்தால் சுற்றிய நீளமான ஒன்றைக் கண்டேன். அவிழ்த்துப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கிணற்றடியில் நின்று அண்ணாவும் இன்னொருவனும் கதைத்தது கேட்டது.

"மெட்ச் நாலு மணிக்கு முடியும். தாங்கியடியார் பஸ்ஸிலதான் வருவினம். சந்தியில வைச்சு மறிப்பம்."

"நான் மூண்டரைக்கு வந்து சாமானை எடுக்கிறன்" என்றான் அண்ணா.

அவர்கள் போனதும் சைக்கிளை எடுத்தேன். எதிர்க்காற்று. கண்ணுக்குள் மணல். அம்மாவிடம் போவதா, மண்டபத்துக்குப் போவதா என்று சந்திவரைக்கும் தீர்மானிக்கவில்லை. அம்மாவிடம் போனால் அவர் அழுவார், அண்ணா சத்தியம் பண்ணுவான், நாலு மணி வந்துவிடும். மண்டபத்துப் பக்கம் திருப்பினேன்.

ஃபரீனா மிஸ் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல், "வழக்குப் போடமாட்டீங்கள் எண்டு முதல்ல சொல்லுங்கோ" என்றேன். அவர் உடனே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையை வைத்துவிட்டு என் முன்னால் இருந்தார்.

"எண்ட வாயால நான் சொல்லலாம் ஜெனி. பொலிசுக்காக நான் வாக்குக் குடுக்க ஏலாது. நம்மட குழுவில இருக்கிற பொலிஸ்காரரையே கூப்பிட்டுக் கேப்பம்."

குழுவில் இருந்த சப் இன்ஸ்பெக்டர் சீருடை இல்லாமல் வந்தார். சிங்களவர், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிங்களத்தில் தங்கச்சி என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நங்கி, வாள் வீட்டுக்குள்ள இருக்கு, அம்மா இங்க கொண்டு வந்து தாறது எண்டா, நான் பேர் எழுதுறது இல்ல. வாள் ரோட்டுக்கு வந்தா எழுதணும். அது என்ட வேலை."

சுவர்க்கடிகாரத்தில் இரண்டு மணி பத்து நிமிடம்.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தது மிஸ்தான். அம்மா சீருடையோடு வந்தார். குசினிக் கதிரையில் ஏறி, சாரத்தோடு அதை இழுத்தெடுத்து, ஒரு பிள்ளையை ஏந்துவது போல மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் மண்டபத்துக்குப் போனார். மிஸ் என்னோடு இருந்தார்.

மூன்றரைக்கு மூன்று பைக்குகள் வாசலில் நின்றன. அண்ணா மட்டும் உள்ளே வந்தான். நேரே குசினிக்குள் போனான். தகரத்தில் கை படும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் மிஸ்ஸைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை நெடுநேரம் இருந்தது.

"அம்மா மண்டபத்துக்குக் கொண்டு போய்ட்டா" என்றார் மிஸ். "இனி அது ஒண்ட கையில இல்ல தம்பி. போறதும் நிக்கிறதும் ஒண்ட விருப்பம்."

வெளியிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், எடுத்திட்டியா?"

"இல்லை. அம்மா கண்டிட்டா."

"அப்ப வெறுங்கையோட ஏறு."

அண்ணா வாசல் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பைக்கின் பின் இருக்கை அவனுக்கு இரண்டு அடி தூரத்தில் இருந்தது. அவனுடைய கை தூணை விடவில்லை. முன்னால் இருந்தவன் அவன் காலடியில் துப்பிவிட்டு வண்டியை எடுத்தான்.

சந்தியில் பொலிஸ் காத்திருந்தது. வாளோடு போன மூவரும் பிடிபட்டார்கள். தாங்கியடியாரின் பஸ் வேறு பாதையால் திருப்பி அனுப்பப்பட்டது. அன்றைக்கு யாருடைய கையும் வெட்டுப்படவில்லை. சப் இன்ஸ்பெக்டர் சொன்னபடியே அண்ணாவின் பெயரை எங்கும் எழுதவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. எல்லோரும் விளக்கமறியல் சிறைக்குப் போக இவன் ஒருவன் மட்டும் வெளியே நின்றால் ஊர் என்ன நினைக்கும்? பிணையில் வந்தவர்கள் பத்தாம் நாள் பகலில், பைக் கடைக்குப் பின்னால் வைத்து அண்ணாவை இரும்புக் குழாயால் அடித்தார்கள். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது வாசலில் தள்ளுவண்டியோடு நின்றது அம்மா. வலது முழங்கை மூன்று இடத்தில் முறிந்திருந்தது.

அம்மா வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், குடத்திலிருந்து தண்ணீர் வார்த்துக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஆர் காட்டிக் குடுத்தது எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சவங்களாம். இவன், 'நான்தான்' எண்டு சொல்லிட்டான்."



ஃபரீனா மிஸ்தான் கடற்றொழிலாளர் சங்கத்தாரோடு கதைத்து, புல்மோட்டையில் படகு இயந்திரம் திருத்தும் ஒரு இடத்தில் அவனைச் சேர்த்துவிட்டார். ஒருமுறை அவனைப் பார்க்க அவரே பஸ் ஏறிப் போய் வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அண்ணா அங்கேயே தங்கிவிட்டான். வருடக்கணக்காக என்னோடு அளவாகத்தான் பேசினான். நல்ல நாள் பெருநாளுக்கு வருவான், என் படிப்பைக் கேட்பான், போவான்.

இன்று அந்தக் குழு இல்லை. அதில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றும் இடம் மாறியும் போய்விட்டார்கள். சப் இன்ஸ்பெக்டர் தெற்கே எங்கேயோ, ஃபரீனா மிஸ் வேறொரு சபையில். மண்டபத்துக்குப் புதுப் பூச்சுப் பூசிக் கலியாணங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். இயந்திரங்களை வைத்துப் பழக்கிய நீண்ட மேசைகள் எங்கே போயின என்று அங்கே இருக்கும் காவலாளிக்குத் தெரியவில்லை. "ஏழாம் நம்பர்" என்றால் இப்போதைய பிள்ளைகள் பஸ்ஸைத்தான் நினைப்பார்கள்.

போன மாதம் புல்மோட்டைக்குப் போனேன். அண்ணா ஒரு படகின் பின்பக்கம் குனிந்து இடது கையால் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தான். வலது கை இன்னும் முழுதாக நிமிராது. அவனுடைய மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனார். பதினான்கு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அண்ணா, அண்டைக்கு ஏன் நான்தான் எண்டு சொன்னனீ?"

அவன் நிமிராமலே அடுத்த திருகாணிக்குக் கையை நீட்டினான்.

"நீ அவங்கள் நிக்கிற அந்த ரோட்டாலதானே பள்ளிக்கூடம் போய் வந்தனீ."