வள்ளத்துல இருந்த மருந்துக்கடை

மச்சானோட வள்ளத்துல ஒரு ஊறுகா பாட்டில் இருந்துச்சு. செவப்பு மூடி. மேல ஒட்டியிருந்த மாங்காப் படம் உப்புக் காத்துல பாதி அழிஞ்சு போயிருந்துச்சு. உள்ள ஊறுகா கெடையாது, மாத்திரை. செவப்பும் கறுப்புமா, மஞ்சளா, வெள்ளையா, சிலது அட்டையோட வெட்டுனது, சிலது உதிரி. எது எதுக்குன்னு அந்த வள்ளத்துல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆளு கரையில உக்காந்திருந்தான். அது நான்தான்.

பெரிய ஆளுன்னு நெனச்சிராதிய. தூத்துக்குடியில கடற்கரைப் பக்கம் ஒரு மருந்துக்கடை வச்சிருக்கேன். சுவத்துல மாட்டியிருக்க சர்டிபிகேட்டுல உள்ள போட்டோ நான் இல்ல. ஆனாலும் தெருவே என்னைய ‘டாக்டர் அண்ணாச்சி’ன்னுதான் கூப்பிடும். பன்னெண்டாங் கிளாஸ்ல உயிரியல்ல கோட்டை விட்டவனுக்கு இதுக்கு மேல என்ன மரியாத வேணும்? வெள்ளச் சட்டையாத் தேடித் தேடிப் போடுவேன். காய்ச்சலா, ஒரு செட்டு. பல்வலியா, ஒரு செட்டு. செட்டுன்னா நாலஞ்சு மாத்திரைய ஒரு சின்னக் கவர்ல போட்டு, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு சொல்லிக் குடுக்கது. அதுல ஒரு ஆன்டிபயாடிக் கட்டாயம் இருக்கும். அது இல்லாமக் குடுத்தா, “என்ன அண்ணாச்சி, மாத்திரையில பவரே இல்ல”ன்னு மறுநாள் சண்டைக்கு வருவாவ.

மச்சான்னா எங்க அக்கா வீட்டுக்காரரு. சங்கு குளிக்கப் போறவரு. மூச்சுக்குக் காத்து வர்ற கம்ப்ரசர் ட்யூப வாயில கவ்விக்கிட்டு அடியில எறங்கி, மணலையும் பாறையையும் தடவித் தடவிச் சங்கு எடுக்குற வேல. கை கால் கிழியாம ஒரு வாரம் கழியாது. காதுல சீழ் வராத ஆளே அந்த வள்ளத்துல இல்ல. மச்சானுக்கு ரெண்டு காதும் மந்தம். அதனால ரகசியத்தக்கூடத் தெருவுக்கே கேக்குற மாதிரிதான் சொல்லுவாவ. நான் சொல்லுத ஜோக்கு பாதி அவியளுக்குக் கேக்காது, ஆனா முழுசாச் சிரிப்பாவ. அப்படி ஒரு ஆளு எனக்கு வேற யாரு கெடைப்பா?

அந்த வள்ளத்துல ஒரு சட்டம் இருந்துச்சு. ஒருத்தன் கரையில நின்னா அவன் வேலையும் மத்தவன் தலையில விழும். அதனால வலி நின்ன அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டுக் கடலுக்கு வந்துரணும். மிச்சம் பாட்டிலுக்கு. அடுத்தவனுக்கு வலி வந்தா, அது நிக்குற வரைக்கும் எடுத்துக்கிட்டு மீதிய அவனும் பாட்டில்லயே போட்டு வைப்பான். காயம்னா கேப்சூல ஒடச்சு உள்ள இருக்க பொடியத் தூவிக்கிடுவாவ. டாக்டர் எழுதுனத எழுதுனபடி முழுங்குறவன்தான் அங்கன சுயநலக்காரன். “ஏலே, ஒனக்குத்தான் சரியாயிட்டுல்லா? பொறவும் எதுக்குத் திங்க, மிட்டாயாலே அது?”ன்னு மச்சான் வையிறத நானே கேட்டிருக்கேன்.

எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், “எங்க கடைக்குக் கடலுக்குள்ள ஒரு கிளை இருக்கு”ன்னு சொல்லி நாலு பேரச் சிரிக்க வைப்பேன். கடையில மிஞ்சுற உதிரிய நானே பொட்டலம் கட்டிக் குடுப்பேன். மச்சான் பாட்டில ஆட்டிப் பாத்துட்டு, “மாப்ள புண்ணியத்துல வள்ளத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு”ம்பாவ.

மூணு வருசத்துக்கு முன்னால மச்சானுக்குக் கணுக்காலுக்கு மேல ஒரு கிழிசல். கடலடியில கெடந்த ஏதோ துருப்பிடிச்ச இரும்பு. பாட்டில்ல இருந்து ரெண்டு நாள் எடுத்தாவ, வீக்கம் வத்துச்சு, கடலுக்குப் போயிட்டாவ. திரும்ப வீங்குச்சு. கடைக்கு வந்து ஸ்டூல் மேல காலத் தூக்கி வச்சு, “மாப்ள, பெருசா ஒண்ணு குடு”ன்னாவ. குடுத்தேன். அதுலயும் மூணு நாள் போக மிச்சத்தப் பாட்டில்ல போட்டுட்டாவ. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே! மூணாவது தடவ காலு பளபளன்னு செவந்து போயிருந்துச்சு. அக்காதான் கேட்டா, “ஏலே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?” நான் வெள்ளச் சட்டையில நின்னுக்கிட்டு, “அங்கன உள்ள டாக்டரும் இதத்தாங்க்கா எழுதுவாரு”ன்னு சொல்லி, அதவிடப் பெருசா ஒண்ண எடுத்து நீட்டுனேன்.

நாலு நாள் கழிச்சு மச்சான ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுத்தான் போனோம். குளிருல கட்டிலே ஆடுச்சு. சீழ எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, ஒரு பேப்பர் வந்துச்சு. வரிசையா மருந்து பேரு, ஒவ்வொண்ணுக்கு நேராவும் ஒரு எழுத்து. டாக்டரம்மா சின்ன வயசுதான். அந்த எழுத்து இருந்தா அந்த மருந்து கேக்காதுன்னு அர்த்தம்னு பொறுமையாச் சொன்னாவ. நான் பேர வாசிச்சேன். ஒவ்வொண்ணும் எங்க கடை அலமாரியில எந்தத் தட்டுல இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கடைசியா ஒரே ஒரு ஊசிக்கு நேராத்தான் வேற எழுத்து இருந்துச்சு. அதுவும் கிட்னியப் பாதிக்கும்னாவ.

“உடம்புக்கு மருந்து பழகிப்போச்சோ?”ன்னு அக்கா கேட்டா.

“உடம்புக்கு இல்லம்மா, கிருமிக்குப் பழகிப்போச்சு. இத்தன மருந்த மாத்தி மாத்தி இவருக்கு யார் குடுத்தது?”

“கடையில வாங்குனது.”

“எந்தக் கடை?”

நான் பக்கத்துல நிக்கேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்ல. “நெனவில்லம்மா”ன்னா.

மறுநாள் ஊசி ஏறிக்கிட்டு இருக்கும்போது மச்சான் என் கையப் பிடிச்சுக்கிட்டு, வழக்கம் போல வார்டுக்கே கேக்குற மாதிரி, “மாப்ள, நம்ம கடையில இதவிடப் பெருசு ஒண்ணும் இல்லயா?”ன்னாவ. இல்ல மச்சான்னு சொன்னேன். அது அவியளுக்குக் கேக்கல. ரெண்டாவது தடவ சத்தமாச் சொல்லாம, போர்வைய இழுத்து விட்டேன். ஏதோ ஜோக்கு சொல்லியிருக்கேன்னு நெனச்சுச் சிரிச்சாவ. பொறவு ஆஸ்பத்திரியில கால வெட்டி எடுத்தாவ. கிட்னியும் போச்சு. பதினோராம் நாள் மச்சான் போயிட்டாவ.

அந்தக் கிருமி பாட்டில் பழக்கத்துல வந்ததா, தண்ணியில இருந்ததா, ஆஸ்பத்திரியிலயே தொத்துனதான்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாவ. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தெனமும் கடையத் தொறக்கேன். பாட்டிலத் தூக்கிப் போடுங்கலேன்னு வள்ளத்துக்காரங்க காலப் பிடிக்காத கொறையாக் கெஞ்சுனேன். “அண்ணன் வச்ச பாட்டில்லா அண்ணாச்சி, அத எப்படிப் போட?”ன்னு மேல ஒரு மாதா படம் ஒட்டி வச்சிருக்காவ. அவியளுக்கு அது மச்சானோட நெனவு. அதுக்கு மேல நான் எந்த வாயால பேச?

இப்ப டாக்டர் சீட்டு இல்லாம ஒரு ஆன்டிபயாடிக் கூட நான் குடுக்கதில்ல. “டாக்டர் அண்ணாச்சிக்குத் திமிரு வந்துட்டு”ங்காவ. சொல்லிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போயிருதாவ. அங்கன செட்டு தாராளமாக் கெடைக்கும்.

போன மாசம் அக்காவுக்குப் பல்லு வீங்கியிருந்துச்சு. எல்லா ஞாயித்துக்கிழமையும் எனக்குச் சோறு போடுதவதான், பூசைக்கும் எங்க வீட்டோடதான் வருவா. ஆனா இந்த மூணு வருசத்துல ஒரு தலவலித் தைலம்கூட என் கடையில வாங்குனதில்ல. ஏன்னு நானும் கேட்டதில்ல. அன்னைக்கும் கையில டாக்டர் சீட்ட வச்சுக்கிட்டு என் கடை வாசல் வழியா, “சாப்ட்டியாலே?”ன்னு கேட்டுட்டு, நிக்காம அடுத்த தெருவுக்குத்தான் நடந்தா. அவ தல மறையுற வரைக்கும் கவுண்டர்ல கைய ஊனிக்கிட்டு நின்னேன். திரும்பி வரும்போது வாசல்ல ஒரு நிமிசம் நின்னா. கன்னம் வீங்குன மொகத்தோட, கவர என் பக்கம் தூக்கிக் காட்டி, “அஞ்சு நாளைக்கும் முழுசா வாங்கிட்டேன்லே”ன்னு சொல்லிட்டுப் போனா.